இரண்டு பவுண்டுக் கொடி

விலை இரண்டு பவுண்டு. ஹெட்லி ரோபிலியாரின் பதினொரு வருட உழைப்பு அந்த விலைக்குத்தான் போனது. அதிலும் கொடுமை, ஒரு பென்னி குறைத்துக் கேட்க எதிரே ஆள் இல்லை. விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று முறுக்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. இங்கிலாந்துக்குத் தெற்கே கடலில் கிடக்கும் கெர்ன்சித் தீவில் வேலியோரக் கடை அப்படித்தான் நடக்கும். மதிலை ஒட்டி ஒரு பலகை, பலகைமேல் உருளைக்கிழங்கும் செடிகளும், பக்கத்தில் காசு போட ஒரு தகர டப்பா. வேண்டியதை எடுத்துக்கொண்டு, எழுதியிருக்கும் விலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஹெட்லி ஒரு காலத்தில் தக்காளிக்காரர். மலிவு டச்சுத் தக்காளி வந்து தீவின் தக்காளியைச் சாப்பிட்ட பிறகு, காலியான கண்ணாடி வீடுகளில் கிளெமாட்டிஸ் என்ற பூங்கொடியை வளர்க்க ஆரம்பித்தார். சாதாரண வகைகளை விற்றுப் பிழைப்பு. மிச்ச நேரத்தில் தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தடவிப் புது வகை தேடுவது. நானூறு நாற்றுகளில் ஒன்றுதான் தேறியது. கிளெமாட்டிஸ் என்றாலே மதிலேறிப் போய் அடுத்த வீட்டில் பூப்பது. இது இடுப்பு உயரத்திலேயே நின்றுவிட்டது. உள்ளங்கை அகலப் பூ. ஓர்மர் சிப்பியைக் கவிழ்த்தால் உள்ளே தெரியுமே, நீலமும் இல்லாமல் ரோஜாவும் இல்லாமல் ஒரு மினுமினுப்பு, அந்த நிறம். இதழ் நடுவே வெள்ளிக் கோடு.

வருடத்துக்கு ஒன்பது பூ. இங்கிலாந்தின் பெரிய நாற்றுப்பண்ணைக்காரர் பெர்சிவல், ஜூன் கடைசியில் வந்து பார்ப்பதாக எழுதியிருந்தார். பிடித்துவிட்டால் ஆயிரக்கணக்கில் பெருக்கி ஊரெல்லாம் விற்பார்.

அந்த ஒரே செடியைத் திருடன் கண்ணில் படாமல் காக்க ஹெட்லி செய்த தந்திரம்தான் அவரைக் கவிழ்த்தது. பெயர்ச் சீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, முப்பது சாதாரணத் தொட்டிகளுக்கு நடுவே அதை ஒளித்து வைத்தார். அடையாளத்துக்குத் தொட்டி விளிம்பில் சின்னதாக ஒரு கீறல். பிப்ரவரிக் குளிரில் இலை உதிர்ந்த கிளெமாட்டிஸ் எல்லாமே செத்த குச்சிதான். மனைவி ஹில்டா இடம் அடைக்கிறதென்று எட்டுத் தொட்டியை எடுத்து வேலியோரப் பலகையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பலகை காலி, டப்பாவில் பதினாறு பவுண்டு. திங்கட்கிழமை காலையில் கீறல் விழுந்த தொட்டியைத் தேடி ஹெட்லி கண்ணாடி வீட்டைப் புரட்டிப் போட்டார்.

"பேர் ஒட்டியிருந்தா நான் ஏன் தொடப்போறேன்?" என்றாள் ஹில்டா.

"திருடன் பாத்துடுவான்னுதான் பேரை எடுத்தேன்."

"திருடனா? காசு டப்பாவ ரோட்டுல வச்சுட்டு உள்ள போய்த் தூங்குற ஊர்லயா?"

"பக்கத்துத் தீவு ஜெர்சிக்காரன் எவனாவது வந்தா?"

"வந்திருந்தா அவனும் ரெண்டு பவுண்டு போட்டுட்டுத்தான் போயிருக்கான். பேப்பர்ல ஒரு வரி விளம்பரம் குடு, ஹெட்லி. எடுத்தவங்க கொண்டாந்து குடுத்துடுவாங்க."

"குடுப்பாங்க! தேடுறான்னு தெரிஞ்ச நிமிஷமே அது இருநூறு பவுண்டு ஆயிடும். நீ வாயைத் திறக்காத."

பூத்தால் தெரிந்துவிடும், பூக்கிற வரை பொறுப்போம் என்று கணக்குப் போட்டார். ஆனால் பொறுமை வேண்டாமா? காஸ்டெல் வட்டாரத்தில் வேலி வெட்டியிருக்கிறதா என்று மேற்பார்க்கும் வேலைக்குத் தானாகப் போய்ப் பெயர் கொடுத்தார். அந்தச் சாக்கில் மதிலுக்கு மதில் எட்டிப் பார்த்தார். கோபோவில் ஒரு விதவை ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். வட்டாரம் தாண்டி டார்டிவலில் ஒரு நாய் அவருடைய கால்சட்டையில் தன் பங்கை எடுத்துக்கொண்டது. மே மாதம் முடியப் போகிறது; செடியைக் காணோம். பெர்சிவல் வர நாலு வாரம்தான் பாக்கி.

ஒரு வெள்ளிக்கிழமை, தீவின் தலைநகரான செயின்ட் பீட்டர் போர்ட்டின் மீன் சந்தையில் கானாங்கெளுத்தி வாங்கப் போனவர் எல்வினா கெரிபெல்லின் கடைமுன் அப்படியே நின்றுவிட்டார். நண்டுகளுக்கு நடுவே ஊறுகாய் பாட்டில் ஒன்று. பாட்டிலில் ஒரு பூ. நடுவே வெள்ளிக் கோடு.

பதினொரு வருடத்தில் அந்தச் செடியிலிருந்து ஒரு பூவை அவர் பறித்ததில்லை. இங்கே அது நண்டுக் கொடுக்குக்கு அலங்காரம்!

முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். "கானாங்கெளுத்தி என்ன விலை?" சொன்னாள். "நண்டு?" சொன்னாள். "தட்டை மீன்?" அதையும் சொன்னாள். பிறகு கொட்டாவி விடுகிற மாதிரி, "அட, இதென்ன பூ?" என்றார்.

எல்வினா கத்தியைத் துடைத்தாள். அறுபதை நெருங்கும் வயது, மீன் பெட்டியைத் தனியாகத் தூக்கும் தோள். "வா ராசா. மூணு மீனுக்கு விலை கேட்டு ஒண்ணையும் தொடாதவன், நாலாவதா எதைக் கேக்குறானோ அதுக்குத்தான் வந்திருக்கான். முப்பது வருஷமா நான் பாக்காத ஆளா?"

"சும்மா கேட்டேன்மா. என் வீட்டுக்காரிக்குப் பூன்னா பிடிக்கும். செடி இருந்தா அஞ்சு பவுண்டு தர்றேன்."

"அஞ்சா?"

"பத்து."

"மூச்சு விடுறதுக்குள்ள ரெட்டிப்பா! இன்னும் கொஞ்சம் நின்னா வீட்டையே எழுதிக் குடுப்ப போலிருக்கே. ரெண்டு மணிக்குக் கடையைக் கட்டுவேன், வந்து பாரு. பாக்குறதுக்குக் காசு இல்ல."

சந்தைக்கு மேலே எண்பது படி ஏறினால் அவள் வீடு. பின்பக்க முற்றம் இரண்டு படுக்கை விரிப்பு அகலம் இருக்கும். அதன் மூலையில், உடைந்த புகைபோக்கிக் குழாயில், செடி.

ஹெட்லி தொப்பியைக் கழற்றினார்.

அவர் வளர்த்தபோது அதற்குக் கீழே வெறும் கால், உச்சியில் ஒன்பது பூ. இங்கே மண்ணைத் தொட்டு ஆரம்பித்து முழங்கால், தொடை, இடுப்பு என்று ஒரு விரல் இடைவெளி விடாமல் பூத்திருந்தது. கிளை தெரியவில்லை, இலையைத் தேட வேண்டியிருந்தது. பின்னேர வெயில் பட்ட இடமெல்லாம் சிப்பி மினுங்கியது. எண்ணினார். நாற்பத்து மூன்று. நம்பாமல் மறுபடி எண்ணினார். அடியில் ஒளிந்திருந்ததையும் சேர்த்து நாற்பத்து நாலு.

"என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"வெட்டினேன்."

"வெட்டினீங்களா!"

"செத்த குச்சிக்கு ரெண்டு பவுண்டு போட்டுட்டேனேன்னு வயித்தெரிச்சல், ராசா. பேரம் பேச அங்க ஒரு மனுசன் இருந்தானா? எழுதியிருக்குற விலையை நான் அப்படியே குடுத்தது என் ஆயுசுல அந்த ஒரு தடவைதான். மார்ச் மாசம் பாத்தா அடியில ரெண்டு முளை பச்சையா இருந்துச்சு. அதுக்கு மேல ஒரே வெட்டு. குழாய்ல ஆழமா இறக்கி நட்டேன். துளிர் ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளினேன். கிளைச்சுது, மறுபடி கிள்ளினேன். தக்காளித் தோட்டத்துல வேலை பாத்த கை, சும்மா இருக்குமா?"

ஹெட்லியின் கையும் அதே கைதான். லட்சம் தக்காளிச் செடியைக் கிள்ளியிருக்கும். விலை மதிப்பில்லாத செடி என்பதாலேயே இதை மட்டும் பதினொரு வருடம் தொடப் பயந்தார். விலை இரண்டு பவுண்டு என்று மட்டும் தெரிந்தவள் அரிவாளோடு வந்தாள்; செடி குடும்பம் குட்டியோடு எழுந்து நின்றது.

"அடியில என்ன, ஓடா?"

"நண்டு ஓடு, மேல பலகைக்கல்லு. தலைக்கு வெயில் கேக்குது, காலுக்குக் குளிர்ச்சி கேக்குது. என் புருசனும் அப்படித்தான் இருந்தான்."

அதற்கு மேல் ஹெட்லியால் நடிக்க முடியவில்லை. தூரிகை, நானூறு நாற்று, ஒளித்து வைத்த தந்திரம், கடிநாய், வரப்போகும் பெர்சிவல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். எல்வினா இடையில் ஒரே ஒரு தடவைதான் சிரித்தாள், நாய் கதை வந்தபோது.

"இருநூறு தர்றேன். செடியைக் குடுத்துடுங்க."

"மாட்டேன்."

"முந்நூறு!"

"இங்க வந்து உக்காரு." படியில் தன் பக்கத்தில் இடம் காட்டினாள். உட்கார்ந்தார். பூக்கள் சரியாகக் கண்ணுக்கு நேரே வந்தன. "இந்த முத்தத்துல ஏழு கொடி வச்சேன். எல்லாம் மதிலேறி அந்தப் பக்கத்துக்காரிக்குப் பூத்துச்சு. தண்ணி ஊத்துறது நான், நல்லாருக்குன்னு சொல்றது அவ. இது ஒண்ணுதான் என்னைப் பாத்துப் பூக்குது. மீன் நாத்தத்தோட வந்து உக்காருறேன், மூஞ்சியைத் திருப்பிக்கல. இதை வித்துட்டு முந்நூறு பவுண்டையா பாத்துக்கிட்டிருப்பேன்?"

செடியை உண்டாக்கியது ஹெட்லிதான். எதற்காக உண்டாக்கினார் என்பதை இப்போதுதான் கேட்கிறார். இதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கண்ணாடி வீட்டில் வைத்தால் பெர்சிவல் பார்க்கப்போவது ஒரு செடி. இங்கே வந்தால் பார்க்கப்போவது, படியில் உட்கார்ந்தவர் முகம் பார்த்துப் பூக்கும் இதை.

"சரி, செடி இங்கேயே இருக்கட்டும். அவரை இங்க கூட்டிட்டு வர்றேன். நட்டு வேர் பிடிக்க வைக்க எனக்குத் தண்டு மட்டும் வெட்டிக் குடுங்க."

"வேர் விட்டதுல பாதி எனக்கு."

"பாதியா? நாலுல ஒண்ணு."

"பாதி. வெட்டப்போறது என் கைதானே? உன் கைதான் பதினோரு வருஷமா அதுமேல படவே இல்லையே."

அதுவும் உண்மைதான். பாதிக்குச் சம்மதித்தார். வாழ்நாளில் தோற்ற பேரங்களில் இவ்வளவு நிறைவாக எதிலும் தோற்றதில்லை.

ஜூன் கடைசியில் பெர்சிவல் எண்பது படியையும் மூச்சு வாங்க ஏறி வந்தார். எல்வினா அவரையும் படியில் உட்கார வைத்தாள். கொண்டுவந்த அளவுகோலை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "இதை இப்படிக் கொண்டுவர எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டார்.

"பதினோரு வருஷமும் நாலு மாசமும்," என்றார் ஹெட்லி. "பதினோரு வருஷம் என்னோடது."

பெருக்கி விற்கச் சம்மதித்துப் பெர்சிவல் அங்கேயே கை கொடுத்தார். அன்றைக்கே எல்வினா தண்டு வெட்டினாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஹெட்லி தன் நோட்டில் எழுதினார்: வெட்டியது இருபது. அழுகியது ஏழு. வேர் விட்டது பதின்மூன்று. கெரிபெல்லுக்கு ஆறு. ரோபிலியாருக்கு ஆறு. மீதி ஒன்று, இன்னும் பேரத்தில் இருக்கிறது.