குடியை விட்ட வண்டி

லாரிக்காரர் தம் வண்டிக்கு வைத்திருந்த செல்லப்பெயர் குடிகாரி. இருபத்தாறு வயதான பத்துச் சக்கர லாரி. இரண்டு நடைக்கு ஒரு லிட்டர் என்ஜின் ஆயில் ஊற்றாவிட்டால் மேடு ஏற மாட்டாள். கிளட்ச் மாற்றினார், ரேடியேட்டரை மூன்று முறை பற்றவைத்தார், பிரேக்குக்குக் காசைக் கொட்டி அழுதார். அவளுடைய குடியை மட்டும் எந்த மெக்கானிக்காலும் நிறுத்த முடியவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் அவளே நிறுத்திக்கொண்டாள். காலையில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டில் நின்றது. மறுநாளும் நின்றது. ஒரு வாரத்தில் கோட்டையும் தாண்டிவிட்டது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. லோடு ஏற்றும் இடத்தில் போகிற வருகிறவரை எல்லாம் நிறுத்தி, கம்பியை உருவிக் காட்டி, "பாத்துக்கோங்க, குடிய விட்டுட்டா!" என்றார். டீசல் கொஞ்சம் கூடுதலாகச் செலவானது. அதற்கு ரோட்டைத் திட்டினார். வயதான என்ஜின் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளுமா என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டிருக்கலாம். கேட்கிற மனநிலையில் அவர் இல்லை, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் செங்கல் சூளைக்காரர் லாரியை விலைக்குக் கேட்டு வந்தார். நல்ல விலை. லாரிக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோய், இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. அவர் மனைவி பதினெட்டு வருடமாகத் துணி ஆலையில் நின்றபடியே வேலை பார்க்கிறாள். தெருமுனையில் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வந்திருந்தது. லாரியை விற்று, அங்கே இரண்டு தையல் மிஷின் போட்டு, இருவரும் உட்கார்ந்து பிழைக்கலாம் என்று அவள் ஆசைப்பட்டாள். அந்த வீட்டில் விற்பதற்கென்று இருந்தது அந்த லாரி ஒன்றுதான்.

"குடிய விட்டவள எவனாச்சும் விப்பானா? இன்னும் ரெண்டு வருஷம் கவலையே இல்ல" என்று சூளைக்காரரைத் திருப்பி அனுப்பினார் லாரிக்காரர்.

அன்று சாயங்காலம், கம்பி துடைக்கிற துணியைத் துவைக்க எடுத்த மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க, இதுல டீசல் நாத்தம் அடிக்குது. முன்னல்லாம் இப்படி அடிக்காதே."

"லாரி துடைக்கிற துணில பின்ன பூ வாசனையா வரும்?"

முப்பத்தைந்து வருடம் டீசலிலேயே ஊறிய மூக்கு அவருடையது. அதற்கு எல்லாம் ஒன்றுதான். அவளும் சிரித்துவிட்டுத் துணியைத் தனியாக ஊறவைத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை, டைல்ஸ் லோடோடு மேடு ஏறும்போது ஆயில் பிரஷர் முள் பொத்தென்று விழுந்தது. பழைய மீட்டர்தானே என்று விரலால் தட்டினார். அதற்குள் கீழே ‘டங் டங்’ என்று அடிக்க ஆரம்பித்து, என்ஜின் ஒரே பிடியாக இறுகி நின்றுவிட்டது.

கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு மனைவி ஆலையிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தாள். மெக்கானிக் என்ஜினுக்கு அடியில் படுத்து ஆயில் போல்ட்டைத் திறந்தார். ஆயில் தண்ணீர் மாதிரி ஓடியது.

"மோந்து பாருங்கண்ணே."

லாரிக்காரர் விரலால் தொட்டு முகர்ந்தார். "ஒண்ணும் தெரியலியே தம்பி."

மூன்றடி தள்ளி நின்ற மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"குடியெல்லாம் விடலண்ணே. ஆயிலக் குடிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கு. டீசல் பம்புல சீல் கிழிஞ்சு, டீசல் ஆயிலுக்குள்ள எறங்கியிருக்கு. அதான் லெவல் ஏறிச்சு. அந்தத் தண்ணி ஆயில்ல ஓடி பேரிங், கிராங்க் எல்லாம் போச்சு. ஏற்கெனவே மூணு தடவ லேத்துல கடைஞ்ச கிராங்க், இனிமே கடைய எடம் இல்ல. வேற போடணும்னா வண்டி ஏழு மாசம் ஓடிச் சம்பாதிக்கிற வாடகை ஆகும். அந்தக் காசுக்கு இந்த வண்டியே பெறாது. பழைய இரும்புக்குப் போட்டுருங்க."

"சீல் என்ன வெல தம்பி?"

"ஒரு வேளச் சாப்பாட்டுக் காசுதான்" என்றார் மெக்கானிக். கேட்டிருக்கவே வேண்டாம் என்று லாரிக்காரருக்கு இருந்தது. "லெவல் ஏறுதேன்னு உங்களுக்குச் சந்தேகமே வரலியாண்ணே?" என்று மெக்கானிக் கேட்டார்.

"சந்தேகம் வரல தம்பி. சந்தோஷம்தான் வந்துச்சு."

மனைவி ஓரமாகப் போய்ச் சூளைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் போன மாதமே வேறு லாரி வாங்கிவிட்டாராம்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். தெருமுனைக் கடையை யாரோ எடுத்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டால் தேவலை என்று அவருக்கு இருந்தது. வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நடந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டாள்.

"எம்மேலதாங்க தப்பு. அன்னிக்கு டீசல் நாத்தத்த இன்னொரு தடவ அழுத்திச் சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்க."

எத்தனை தடவை சொன்னாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். அது அவருக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, "விடு, போகட்டும்" என்றார், ஏதோ அவளை மன்னிக்கிறவர் போல.

அவள் தலையாட்டிவிட்டு, மறுநாள் ஆலைக்குப் போகச் சேலையை எடுத்து வைத்தாள்.