ஏழு வருஷம் தொடாத பிரேக்

இப்போதெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறவன் எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு கையில் போன், இன்னொரு கையில் சாவி, கதவை இடுப்பாலேயே இடித்துச் சாத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான். பின்னால் ஒரு டன் இரும்பு சரிவில் நிற்கிறதே, அது என்ன கட்டிப்போட்ட மாடா? கேட்டால், "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன் பெரியவரே" என்பான். போட்டால் ஆயிற்றா? சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு கம்பியை நம்பிக் குடும்பமே இறங்கிப் போகிறது.

இப்படி ஊருக்கெல்லாம் பேசியவன்தான் நான். என் வண்டிதான் ஒரு தையல்காரரின் காலை உடைத்தது.

கல்குவாரியில் முப்பத்திரண்டு வருஷம் டிப்பர் லாரி ஓட்டியவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் சரிவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். முன் சக்கரத்தை ஒடித்து வைக்க வேண்டும், உருண்டாலும் ரோட்டோரக் கல்லில் முட்டி நிற்கும். அதற்கும் மேலே சக்கரத்துக்கு ஒரு கல். ஹேண்ட் பிரேக்கை மட்டும் தொட மாட்டேன். குவாரியில் அதை நம்பி நிறுத்திய லாரி ஒன்று பின்னால் போய்ப் பள்ளத்தில் விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தப் பழைய காரை வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. ஏழு வருஷமும் அந்தக் கைப்பிடி சும்மாதான் கிடந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஆயில் மாற்றப் போனபோது மெக்கானிக் சொன்னான். ஊரில் அவனுக்கு ஸ்பேனர் என்று பெயர்.

"பெரியவரே, ஹேண்ட் பிரேக் கேபிள் துரு ஏறிப் போச்சு. இழுத்தா ஒரு மாதிரி பிடிக்குது, அப்புறம் நழுவுது. மாத்திடலாம்."

"போடாத பிரேக்குக்குப் புதுக் கேபிளா? மொட்டத் தலைக்குச் சீப்பு விக்கப் பாக்கிறியா?"

"நீங்க போடமாட்டீங்க. வேற யாராச்சும் ஓட்டினா?"

"என் வண்டிய எவன் ஓட்டப் போறான்?" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஓட்டுவதற்கு ஆள் வீட்டிலேயே இருந்தார். மாப்பிள்ளை. மருந்துக் கம்பெனியில் வேன் டிரைவர். மகளும் அவரும் என்னோடுதான் இருக்கிறார்கள். கம்பெனி வேன் கிளட்ச் இல்லாத புது வகை. உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் போதும், அது பாட்டுக்குப் போகும். ஒரு நாள் காலை, நான் முதல் கியரில் விட்டிருந்த காரில் அவர் உட்கார்ந்து, கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பிவிட்டார். வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்து கேட்டில் முட்டியது. கேட் வளைந்துவிட்டது.

எனக்கு வாயில் என்ன வந்ததென்றே தெரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து 'நீங்க', 'வாங்க' என்று பேசிய மாப்பிள்ளையை அன்று 'நீ' என்று பேசினேன்.

"உனக்கெல்லாம் கியர்ல விட்ட வண்டி சரிப்படாது! இனிமே என் வண்டியத் தொட்டா நியூட்ரல்ல போடு, ஹேண்ட் பிரேக்கை இழு, இறங்கு. உன் பவிசுக்கு அதுதான் லாயக்கு!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவர், "சரி மாமா" என்றார். வளைந்த கேட்டைத் தானே சுத்தியலால் தட்டி நேராக்கினார்.

கேபிள் கெட்டிருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன், கோபத்தில் வந்துவிட்டது. ஆனால் கோபம் அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் ஒரு மாதம் இருந்தது, "மாப்ளே, அந்த பிரேக் சரியில்ல" என்று சொல்ல. நான் சொல்லவில்லை. வலியப் போய்ப் பேசினால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் ரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்திருந்தது. மாப்பிள்ளை காரை எடுத்துக்கொண்டு போனார். மருந்துக் கடை மேட்டுத் தெருவின் நடுவில். மேட்டைப் பார்த்து நிறுத்தினார், நியூட்ரலில் போட்டார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், இறங்கினார். நான் சொன்னபடியே. கேபிள் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கடைக்குள் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தபோது நழுவியது.

தெருவின் அடியில் தையல் கடை. தையல்காரர் நூலின் நிறத்தை வெயிலில் பார்ப்பதற்காகக் கடைப்படியில் வந்து நின்றிருந்தார். கார் பின்பக்கமாகச் சத்தமே இல்லாமல் வந்தது. யாரோ கத்தியதும் அவர் உடம்பை இழுத்துக்கொண்டார். வலது கால் மட்டும் படிக்கும் பம்பருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மிஷின் மிதிக்கிற கால்.

ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையோடு நானும் போனேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"ஹேண்ட் பிரேக் போட்டியா?"

"போட்டேன் சார்."

"சரிவுல நிறுத்துறவன் கியர்ல விட வேண்டாமா? வண்டி ஓட்டிச் சோறு திங்கிற ஆளுதானே நீ?"

மாப்பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்தார். கண் இமைக்கிற நேரம். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மறந்துட்டேன் சார்" என்றார்.

நான் அங்கேதான் நின்றேன். வாயில் நாக்கு இருந்தது. பேசவில்லை.

கவனக்குறைவு என்று கேஸ் எழுதினால் கம்பெனி வேலையிலிருந்து தூக்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் மகள் தட்டை வைத்துவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"அப்பா, இவருக்கு மறதியாம். ராத்திரி கேஸ் அடுப்பு மூடியிருக்கான்னு மூணு தடவை எழுந்து போய்ப் பாக்கிற மனுஷன். இவரு மறப்பாரா?"

"எனக்கென்னம்மா தெரியும்?"

"அன்னைக்கு வாசல் கேட் பக்கத்துல நீங்க கத்தினது இன்னும் என் காதுல இருக்குப்பா."

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

சாயங்காலம் ஸ்பேனரின் கொட்டகைக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவன் வாயைத் திறப்பானா என்று வேவு பார்க்கத்தான் போனேன்.

அவன் ஜாக்கியில் தூக்கி வைத்த வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்தான். "நானாப் போய் எதையும் சொல்ல மாட்டேன் பெரியவரே. கேட்டா மறைக்கவும் மாட்டேன்."

"கேபிள் பழசு. எந்தக் கேபிளும் அப்படித்தான். அதனாலதான் நான் நம்புறதில்ல."

"பழசானதால கெடல. போடாம வச்சதால கெட்டுச்சு. தினமும் இழுத்து விட்டிருந்தா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கும். ஏழு வருஷம் அசையாம கெடந்தா துருப்பிடிக்காம என்ன பண்ணும்? நீங்க நம்பாம நம்பாமத்தான் அது இந்தக் கதிக்கு வந்துச்சு."

திட்டலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை.

மறுநாள் ஸ்டேஷன் திறந்ததும் உள்ளே போய்ச் சொன்னேன். பிரேக் கெட்டது எனக்குத் தெரியும், மெக்கானிக் சொல்லியும் மாற்றவில்லை, நியூட்ரலில் விடச் சொன்னதும் நான்தான் என்று.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "பெரியவரே, நல்லா யோசிச்சுக்குங்க. கேஸ் உங்க பக்கம் திரும்பும். லைசென்ஸ் போச்சுன்னா இந்த வயசுல திரும்ப வராது."

"எழுதுங்க."

"மருமகனைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்க்கை முழுக்க நான் எவனையும் நம்பவில்லை. நான் வாயைத் திறந்து ஒரு நிஜத்தைச் சொன்னால் என்னை நம்ப ஆளில்லை. "ஸ்பேனரைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன். கூப்பிட்டார்கள். அவன் சொன்னான். எழுதிய தாளில் என் கோணல் கையெழுத்தைப் போட்டேன்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. தையல்காரர் காலில் மாவுக்கட்டோடு சாய்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சட்டை தைக்க வந்தப்ப என் டேப்பை வாங்கி உங்க முழத்துல அளந்து பாத்த ஆளுதானே நீங்க? அப்படிப்பட்டவரு சொந்த வண்டிய இப்படியா வச்சிருப்பீங்க?"

"தப்புதான்."

"தப்புன்னு சொல்லிட்டா கால் மிதிச்சிடுமா? போங்க, எதிர்ல நிக்காதீங்க. எனக்குக் கோபம் வருது." பிறகு, நான் திரும்பும்போது, "மூணு மாசத்துல மிதிக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. நான் நம்புறேன். நீங்க நம்ப வேண்டாம்" என்றார்.

வராந்தாவில் மாப்பிள்ளை நின்றிருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள், கம்பெனிச் சட்டையோடு ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"எதுக்கு மாமா போய்ச் சொன்னீங்க? நான் பாத்துக்க மாட்டேனா?"

"நீங்க எதுக்கு மாப்ளே மறந்துட்டேன்னு சொன்னீங்க?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "உங்களை அங்க நிக்க வைக்க மனசு வரல."

"அன்னைக்கு நான் உங்களைப் பேசின பேச்சுக்கு…"

"அதெல்லாம் இல்ல மாமா. நீங்க சொன்னதாலயா நியூட்ரல்ல விட்டேன்? நீங்க சொல்லாட்டியும் அப்படித்தான் விட்டிருப்பேன். கம்பெனி வண்டி பழக்கம். சத்தியமா உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. மனசுல வச்சுக்காதீங்க."

முகம் தெளிவாகத்தான் இருந்தது. பொய் சொல்கிற முகம் இல்லை. ஆனால் பொத்தானைத் திருகும் விரல் நிற்கவில்லை.

"வாங்க மாமா, வேன்லயே வீட்டுல விட்டுடுறேன்."

"வேண்டாம் மாப்ளே. நீங்க வேலைக்குப் போங்க. நான் நடந்துக்கிறேன்."

"அப்ப நான் சொன்னதை நம்புறீங்கல்ல?"

"ம்" என்றேன். படியிறங்கி ரோட்டுக்கு வந்தேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மனுஷன் நல்லவர். நல்லவர் சொல்கிற வார்த்தை நிஜமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே. நான் நடந்தேன்.