ஏறாத ஜிப்

உல்கானுக்குச் சந்தேகம் வரக் காரணம் வேண்டாம்; சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கடைக்காரன் சிரித்தால் எடையில் கை வைத்துவிட்டான் என்பாள். சிரிக்காவிட்டால் போன வாரமே கை வைத்துவிட்டான் என்பாள். அப்பேர்ப்பட்டவள், ஒரே மகன் பெக்தூருக்கு பெரிசாத்தைப் பெண் பேசியபோது மட்டும் எதையும் கிளறாமல் தலையாட்டிவிட்டாள். நாரின் என்கிற அந்த ஊரே மூக்கில் விரல் வைத்தது. என்ன செய்வது, தபால் நிலையத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணை முதல் பார்வையிலேயே அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

பெண்ணுக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்யும் நாளில் மாப்பிள்ளை வீட்டார் புது உடுப்பு கொண்டுபோக வேண்டும். எல்லாரும் சந்தையில் வாங்கிக்கொண்டு போவார்கள். உல்கானோ, "நானே தைக்கிறேன்" என்று வாயை விட்டுவிட்டாள். முக்கோணத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுத்துணி விரிப்பு தைப்பதில் அந்தத் தெருவில் அவளை அடிக்க ஆள் கிடையாது. கவுன் மட்டும் தைத்ததில்லை. அதனால் என்ன, துணி துணிதானே!

பக்கத்து வீட்டு கலிப்பாவிடம் ஜெர்மன்காரர்களின் தையல் பத்திரிகை ஒன்று ருஷ்ய மொழியில் இருந்தது. அதன் நடுவே மடித்து வைத்த பெரிய மாதிரித்தாள். உல்கான் பெரிசாத்தை வரவழைத்து, மார், இடுப்பு, முதுகு என்று டேப் பிடித்து அளந்தாள். பத்திரிகையில் இருந்த ஓர் அளவு அவளுக்கு அச்சாகப் பொருந்தியது. மாதிரித்தாளைப் பிரித்தால் தலை சுற்றியது. பூனை கலைத்த நூல்கண்டு மாதிரி கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஓடின. அந்த அளவுக்கான கோட்டை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டே போய், வேறு தாளில் படியெடுத்து, துணிமேல் வைத்துக் குண்டூசி குத்தினாள். விரிப்புக்கு அட்டை வைத்து வெட்டிப் பழகிய கை. கத்தரி தாளின் ஓரத்தை விட்டு மயிரிழைகூட விலகவில்லை. அதில் அவளுக்குப் பெருமை வேறு. பத்திரிகையில் பக்கம் பக்கமாக என்னவோ எழுதியிருந்தது. படம் இருக்கும்போது அதையெல்லாம் எதற்குப் படிப்பது? மிச்சத் துணியில் தன் அளவுக் கோட்டைப் பிடித்துத் தனக்கும் ஒன்று அதே மாதிரி வெட்டி வைத்துக்கொண்டாள்.

அப்போது பெக்தூர் ருஷ்யாவில், கசானில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். தோடு போடும் நாளுக்குக் கொஞ்சம் முன்புதான் ஊர் வந்து சேர்ந்தான்.

அந்த நாளில், பெண் வீட்டு உள்ளறையில் பெண்கள் சூழ்ந்து நிற்க, பெரிசாத் அந்த நீலக் கவுனை மாட்டினாள். முதுகில் ஜிப் கிளம்பியது, இடுப்புக்கு வந்தது, நின்றது.

"மூச்சை உள்ள இழும்மா" என்றாள் உல்கான்.

"இழுத்துட்டுத்தான் இருக்கேன்மா."

மேலே ஏற மறுத்தது. அத்தை முறையில் ஒருத்தி, "பொண்ணு நல்லாப் பூரிச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அதே நேரம் உறவு உறுதியானதற்கு அடையாளமாகச் சம்பந்திகள் சாப்பிட வேண்டிய ஈரலும் ஆட்டு வால்கொழுப்பும் தட்டில் வந்தன. வாசனை பட்டதும் பெரிசாத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உல்கானின் கண் அவள் வயிற்றுக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக கலிப்பாவிடம் ஓடினாள்.

"அளந்தப்ப இருந்த இடுப்பு இப்ப இல்லடி."

"நல்லாச் சாப்பிட்டிருப்பா, விடு."

"வயித்துல மட்டுமா ஒட்டும் சாப்பாடு?"

"மார்லயும் இறுக்குச்சுன்னு நீதானே சொன்னே?"

"அதைத்தான்டி நானும் சொல்றேன்! என் பையன் ஊருக்கு வந்தே ஒரு வாரம்தான் ஆகுது!"

கலிப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். உல்கானுக்கு அது ஊர் முழுக்க ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் தபால்தலை வாங்கப் போகிறவள்போல தபால் நிலையத்துக்குப் போனாள். யாருக்குக் கடிதம் எழுதப் போகிறாளாம்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிசாத் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் பனிக்காலத்தில் அதைக் கடிக்காதவர் யார்? ஆனால் உல்கானுக்கு அது போதும். புளிப்பும் உப்பும் எந்தப் பெண்ணுக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

ராத்திரிச் சாப்பாட்டில் மகனிடம் போட்டு உடைத்தாள்.

"என்னம்மா பேசுறீங்க!" பெக்தூரின் கை தட்டிலேயே நின்றது. "யாரைப் பத்திப் பேசுறோம்னு தெரியுதா?"

"நான் பேசலப்பா. டேப் பேசுது. நீயே போய்க் கேளு."

போகமாட்டேன் என்றான். ஆனாலும் புழு உள்ளே புகுந்துவிட்டது. இரண்டு நாள் உர்ரென்று திரிந்துவிட்டு, போய்க் கேட்டேவிட்டான். பாவி மகன்!

பெரிசாத் பதிலே சொல்லவில்லையாம். மறுநாள் அவள் அம்மா மைரம் வந்தாள். வாசலிலேயே நின்றாள். உல்கான் ஊர் வழக்கப்படி ரொட்டியை நீட்டினாள். பகையாளியாக இருந்தாலும் ஒரு கிள்ளு பிய்த்து வாயில் போடுவார்கள். மைரம் தொடவில்லை. தோட்டையும் கவுனையும் நிலைப்படியில் வைத்தாள்.

"என் பொண்ணை நீங்க அளந்தது போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பெக்தூர் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினான். கசானுக்கே திரும்பிப் போகிறேன், இனி இங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று கலிப்பாவின் கணவனிடம் சொன்னானாம். நான் செய்தது சரிதானே, சரிதானே என்று உல்கான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பெண் ஏன் மறுத்துப் பேசவில்லை? மடியில் கனம் இல்லாவிட்டால் வாய் திறந்திருக்கமாட்டாளா?

சும்மா இருக்க முடியாமல், தனக்கென்று வெட்டி வைத்த துணியை எடுத்துத் தைத்து முடித்தாள். துணி என்ன பாவம் செய்தது? கலிப்பாவைக் கூப்பிட்டு ஜிப்பை ஏற்றச் சொன்னாள்.

கலிப்பா இழுத்தாள். முழங்காலை உல்கானின் முதுகில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். ஜிப் இடுப்புக்கு வந்து நின்றது.

"அடியே உல்கான்," கலிப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, "யாருடி அவன்? எங்கிட்டகூடச் சொல்லலியே!"

உல்கானுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் பிதுங்கி நின்ற தன் வயிற்றையே பார்த்தாள்.

"நீ எனக்குத் தப்பான தாளைக் கொடுத்திருக்கே!"

"தாள் சரியாத்தான் இருக்கு. தையலுக்கு எவ்வளவு விட்டு வெட்டுனே?"

"எதுக்கு விடணும்? தாள்லயே இருக்குமே!"

"உன் விரிப்பு அட்டையில இருக்கும்டி. இதுல இருக்காது. கோட்டுக்கு வெளியே ரெண்டு பக்கமும் நாமதான் விடணும். இதோ, எழுதியே இருக்கு பாரு."

கலிப்பா பத்திரிகையைப் பிரித்துப் பொடி எழுத்தில் இருந்த வரியை விரலால் காட்டினாள். உல்கான் கண்ணாடி போட்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்புறம் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து, "ஐயோ, ஒரு பொண்ணை அநியாயமாக் கொன்னுட்டேனே!" என்று வாய்விட்டு அழுதாள்.

கவுனைக் கழற்றவில்லை. முதுகு திறந்து கிடக்க, மேலே கம்பளிக் கோட்டை மாட்டி, தோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பனியில் நடந்து மைரம் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மைரம் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. பின்னால் பெரிசாத் நின்றாள். முகம் இளைத்துப்போயிருந்தது. உல்கான் வாசலில் நின்றபடியே கோட்டைக் கழற்றி, முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"நல்லாப் பாருங்க சம்பந்தி. என் புருஷன் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. எனக்கும் ஜிப் ஏறல. இது எத்தனை மாசம்னு நீங்களே சொல்லுங்க."

மைரத்துக்குச் சிரிப்பு எட்டிப்பார்த்தது, அடக்கிக்கொண்டாள்.

"தையலுக்கு இடம் விடணுமாம்மா. நான் விடல. எல்லாத்தையும் ஒட்ட வெட்டிட்டேன். உன்னையும் சேர்த்து" என்றாள் உல்கான் பெரிசாத்தைப் பார்த்து.

"உங்க பையன் வந்து கேட்டாரு" என்றாள் பெரிசாத்.

"கேக்க வச்சவ நான்தான்."

"கேட்டது அவருதானே?"

பெரிசாத் கிட்டே வந்து, ஜிப் நின்ற இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"தோடு எங்க?"

"பையில இருக்கு."

"நீங்க எடுத்துட்டுப் போங்க. அவரையே கொண்டுவரச் சொல்லுங்க. இதே வாசல்ல நிக்கட்டும். உள்ள கூப்பிடறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்."

"நிப்பான். நான் நிக்க வைக்கிறேன்."

மைரம் உள்ளே போய் ரொட்டி எடுத்து வந்து நீட்டினாள். உல்கான் குனிந்து ஒரு கிள்ளு பிய்த்தாள். குனிந்த வேகத்தில் கவுனின் பக்கத் தையல் அக்குளிலிருந்து இடுப்புவரை டர்ரென்று பிரிந்தது.

பெரிசாத் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உல்கான் பிரிந்த இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ரொட்டியை மென்றபடி நின்றாள்.