சிநேகிதி கையில் சிவப்புப் பேனா

கல்லூரிக் காலத்தில் என் தோளில் சாய்ந்து வகுப்பு முழுக்கத் தூங்கியவளே ஒருநாள் என் ஆய்வுக்கு வழிகாட்டியாக வருவாள் என்று யாராவது சொல்லியிருந்தால், முதுகலையில் சேருவதற்கு முன் இன்னொரு தடவை யோசித்திருப்பேன்.

இருவரும் ஒன்றாகத்தான் பிசியோதெரபி படித்தோம். நான் மருத்துவமனை வேலைக்குப் போனேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று ஆயிற்று. அவள் மேலே மேலே படித்து அதே கல்லூரியில் பேராசிரியை ஆனாள். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, வேலையை விடாமலே நான் முதுகலையில் சேர்ந்தேன். ஆய்வுக்கு அவளைத்தான் எனக்கு ஒதுக்கினார்கள். அன்று போனில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"காலேஜ்ல மட்டும் மேடம்னு கூப்பிடு. மத்த நேரம் எப்பவும் போலத்தான்" என்றாள்.

அந்த "மத்த நேரம்" அதற்குப் பிறகு வரவே இல்லை.

தலைப்பு நானே எடுத்தது. முழங்கால் வலியோடு வருகிறவர்களுக்குப் பயிற்சி கற்றுக்கொடுத்து, வீட்டில் செய்யச் சொல்லி அனுப்புகிறோம். பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "தினமும் செய்றேங்க" என்று கூசாமல் பொய் சொல்கிறார்கள். ஏன் விடுகிறார்கள் என்று அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுதுவதுதான் திட்டம்.

"முழங்கால் மட்டும் போதாது. தோள்பட்டையையும் சேர்த்துக்கோங்க" என்றாள். "ங்க" போட்டுத்தான் சொன்னாள். சேர்த்தேன். லீவு நாளெல்லாம் தோள் வலிக்காரர்கள் வீட்டுப் படியேறினேன். எழுதிக்கொண்டு போனதும் நெற்றியைச் சுருக்கினாள்.

"தோள் எதுக்கு? ஆய்வு சிதறுது. எடுத்துடுங்க."

"நீங்கதானே மேடம் சேர்க்கச் சொன்னீங்க?"

"அப்ப தேவைப்பட்டுச்சு."

இரண்டாம் அத்தியாயம் அதைவிடக் கொடுமை. முன்னால் மற்றவர்கள் செய்த ஆய்வுகளைப் பற்றிச் சொல்லும் அத்தியாயம் அது. ஒவ்வொரு தடவையும் "இன்னும் நாலு கட்டுரை சேருங்க" என்று திரும்பி வரும். ஓரத்தில் "தெளிவில்லை" என்று சிவப்பு மையில் இருக்கும். தெளிவாக்கிக் கொடுத்தால், "இவ்வளவு விளக்கம் வேண்டாம்" என்று இருக்கும்.

"முழங்கால் வீங்கினா வைத்தியம் இருக்கு. உன் அத்தியாயம் வீங்குதே, அதுக்கு என்ன பண்றது?" என்றார் என் கணவர். சிரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆய்வை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் கேன்டீனில் கூடப் படிக்கும் தம்பி ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் வழிகாட்டி அவள்தான்.

"நம்ம மேடம் தங்கமானவங்கக்கா. ரெண்டே தடவைதான் பார்த்தாங்க, சரின்னுட்டாங்க. பைண்டிங்குக்குக் குடுத்துட்டேன்."

குடித்த டீ எனக்குப் புரையேறியது. நேராக அவள் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. உள்ளே போய்ச் சாத்தினேன்.

"என்னடி நினைச்சுக்கிட்டிருக்க உன் மனசுல?"

அவள் என்னைப் பார்ப்பதற்கு முன் கதவைத்தான் பார்த்தாள்.

"மெதுவாப் பேசு."

"அவனுக்கு ரெண்டு தடவை. எனக்கு எத்தனைன்னு எண்ணுறதையே விட்டுட்டேன். நான் என்ன அவ்வளவு மக்கா?"

"அவனோடதைவிட உன்னோடது எவ்வளவோ மேல்."

"அப்புறம் என்ன கேடு?"

"நாம சிநேகிதிங்கன்னு இந்தக் கட்டடத்துல தெரியாதவங்க யாரு? எங்கயாவது ஓட்டை இருந்தா, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன்பாங்க. நல்லா இருந்தா, நானே எழுதிக் குடுத்தேன்பாங்க."

"அதுக்கு என் உயிரை எடுப்பியா? உன் பேரைக் காப்பாத்தத்தான் நான் தோள்பட்டையைத் தேடி ஊரெல்லாம் அலைஞ்சேனா?"

அவள் கண் கலங்கியது. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"அழுது தொலைக்காதே. அழ வேண்டியது நான்."

கடைசியில் நான்தான் வழி சொன்னேன். என்னைத் தெரியாத யாராவது படித்துப் பார்க்கட்டும்; அவர் சொல்வதே முடிவு. பக்கத்துத் துறைக்குப் புதிதாக வந்திருந்த பேராசிரியர் ஒருவர் ஒப்புக்கொண்டார். படித்துவிட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஆய்வு நல்லா இருக்கும்மா. ஆனா ரெண்டாவது அத்தியாயத்துல ஏன் இப்படிக் கொட்டி வச்சிருக்கீங்க? பாதியை வெட்டுங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் அறையிலேயே வெட்ட உட்கார்ந்தோம்.

"இது?"

"நீ சேர்க்கச் சொன்னது."

"வெட்டு. இது?"

"அதுவும் உன் உபயம்தான்."

"சரி சரி, வெட்டித் தொலைடி."

அத்தனையும் போன பிறகு, நான் வீடுகளில் கண்டது பளிச்சென்று வெளியே தெரிந்தது. நாங்கள் கொடுக்கும் பயிற்சிகளில் முக்கால்வாசி தரையில் படுத்துச் செய்வது. முழங்கால் வலிக்காரர் தரையில் படுத்தால், கைகொடுத்துத் தூக்க ஆள் வேண்டும். பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? நாங்கள் நினைத்த மாதிரி அது சோம்பேறித்தனம் இல்லை.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியை கேட்டார்: "உங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொன்னாங்கன்னு எப்படி நம்புறீங்க?"

"சொன்னதை நான் நம்பல மேடம். செஞ்சு காட்டச் சொன்னேன். ஒரு அம்மா படுத்துட்டு எழுந்திரிக்க முடியாம முழிச்சாங்க. நான்தான் தூக்கிவிட்டேன்."

அவர் தலையாட்டினார். வழிகாட்டி வாய் திறக்கக் கூடாது என்பது விதி. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் கையில் தண்ணீர் பாட்டில் நசுங்கிக்கொண்டிருந்தது. நான் தேறினேன். எல்லோரோடும் சேர்ந்து அவளும் கைகுலுக்கி, "வாழ்த்துகள்" என்றாள்.

இப்போது எங்கள் மருத்துவமனையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகளைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறோம். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அவள்மேல் இருந்த எரிச்சல் பட்டத்தோடு போய்விடவில்லை. அவள் போன் வந்தால் எடுக்காமல் விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து வாசலில் நின்றாள்.

"இன்னும் கோபமா?"

"ஆமா."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியல. செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வா, சொல்றேன்."