சந்தோசபுரிக்கு ஆள் பிடித்தது

ஆள் இல்லாத இடத்துக்கு ஆள் வராது. கொத்துரொட்டிக் கடையில் இருந்து கோயில் திருவிழா வரை இதுதான் சங்கதி. கொரோனா அடைப்பு முடிந்து 'சந்தோசபுரி' நீர்ப் பூங்காவைத் திறந்து ஒரு மாதமாகியும், கண்டாவளை வெயிலில் நீலமும் மஞ்சளுமாக நின்ற சறுக்குக் குழாய்களில் அணில்தான் சறுக்கியது. தொலைபேசியில் விசாரிப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "அங்க சனம் வருதோ?" வருகிறது என்று வாய் கூசாமல் சொல்லிவிடலாம். படம் போடுங்கோ பார்ப்பம் என்றால் என்ன செய்வது?

இந்தக் கவலை முகாமையாளன் வினோதனுக்குத்தான் அதிகம். பூங்கா கனடாவில் இருக்கும் ஒருவருடையது. இங்கே இருந்து நடத்துகிறவர் அவருடைய தங்கை கமலாட்சி. பொங்கலுக்குள் சனம் வராவிட்டால் பூட்டிவிட்டுக் காணியை விற்கப்போவதாகத் தமையன் சொல்லிவிட்டார். பூட்டினால் வினோதனின் வேலை போகும். வேலை மட்டும் போனால் பரவாயில்லை, கமலாட்சியின் மகள் பிரேமிளாவும் போய்விடுவாள். கமலாட்சி இப்போதெல்லாம் அவனை "எங்கட பெடியன்" என்றுதான் மற்றவர்களுக்குச் சொல்வார். ஆவணியில் கலியாண எழுத்தை வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு நடந்தது.

அந்த 'எங்கட' என்ற ஒரு சொல்லுக்காக வினோதன் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவன் பிறந்தது ஸ்கந்தபுரத்துக்கு அப்பால், எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து அடிபட்டு வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறிய ஒரு கிராமத்தில். நாற்பது வருடம் தாண்டியும் மற்றவர்களுக்கு அவர்கள் 'தோட்டக்காட்டுச் சனம்'தான். கமலாட்சி அந்தச் சொல்லை உப்பு, புளி என்பதுபோலச் சர்வசாதாரணமாகச் சொல்வார். வினோதன் தன் ஊர் சாவகச்சேரி என்று சொல்லி வைத்திருந்தான். பேச்சையும் மாற்றிக்கொண்டான். தாயோடு பேசும்போது மட்டும் பழைய நாக்கு திரும்பி வந்துவிடும். அதற்காகவே தண்ணீர்ப் பம்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவான்.

ஆள் பிடிக்கும் யோசனை அவனுடையதுதான்.

"ஒரு நாளைக்குக் காசில்லாமல் கூட்டிக்கொண்டு வந்து விடுவம் அன்ரி. சனம் முட்டி நிக்கிற மாதிரி வீடியோ போட்டா, பிறகு தன்பாட்டில வருவினம்."

"ஆர் இப்ப சும்மா வருவினம்?"

"சோத்துப் பார்சல் குடுத்தா வாற சனமும் இருக்குத்தானே."

இதைச் சொன்னபோது அவனுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேரே பம்பி அறைக்குப் போய்த் தாய் சிவலட்சுமியைக் கூப்பிட்டான்.

"அம்மா, ஒரு பஸ் ஆளு வேணும். நல்ல உடுப்பா போட்டுட்டு வரச் சொல்லு. என்னைத் தெரிஞ்ச மாதிரி யாரும் காட்டிக்கக் கூடாது. சேர்னுதான் கூப்பிடணும்."

"சரிப்பா, சொல்றேன். நானும் வரட்டுமா? ஓரமா நின்னு ஒரு தடவ பாத்துட்டு..."

"நீ வராத."

வராதே என்று பிள்ளை சொன்னால் எந்தத் தாய் கேட்டிருக்கிறாள்? ஞாயிற்றுக்கிழமை சின்னராசாவின் பஸ்ஸில் இருந்து கடைசி ஆளாக, கத்தரிப்பூ நிறச் சேலையும் வெள்ளை மாஸ்க்குமாகச் சிவலட்சுமி இறங்கினாள். நீச்சல் தடாகத்தின் ஓரத்தில் இருந்த சீமெந்து வாங்கில் போய் அமர்ந்தாள். வினோதன் அவளைத் தாண்டிப் போனான், வந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

மற்றவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். "சேர் சேர்" என்று கொஞ்சம் கூடுதலாகவே கூப்பிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. தண்ணீரைக் கண்டதும் கத்திய கத்தில் காகமெல்லாம் பறந்தன. பெரிய சறுக்குக்கு மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு விடுவதாகச் சொல்லி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள், வரிசை வீடியோவில் நன்றாக விழும் என்பதால். கமலாட்சி கைபேசியை உயர்த்திப் பிடித்துப் பூங்கா முழுக்க நடந்து எடுத்ததை வினோதன் உடனே பேஸ்புக்கில் போட்டான். மதியத்துக்குள் கிளிநொச்சி டவுனில் இருந்து இரண்டு வான் வந்தது. பின்னால் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒன்று. எல்லோரும் டிக்கெட் எடுத்தார்கள்.

கமலாட்சிக்குச் சந்தோசம் தாளவில்லை. கால் உளைந்ததால் வாங்கின் மற்ற மூலையில் அமர்ந்து, யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று பக்கத்தில் இருந்த மனுசியிடமே சொன்னார்.

"எல்லாம் அந்தப் பெடியன்ர மூளை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, தெரியுமே? தாய் முள்ளிவாய்க்கால்ல ஷெல் பட்டுச் செத்துப்போச்சு. தாயைத் தாட்டதே அவன்தானாம். அவன் சொல்லேக்க எனக்கே கண் கலங்கிப்போச்சு."

தண்ணீருக்குக் குளோரின் பார்த்துக்கொண்டு நாலு எட்டுத் தள்ளி நின்ற வினோதனின் காதில் அது விழுந்தது. தாய் திரும்பித் தன்னைப் பார்ப்பாள் என்று பயந்தான். அவள் பார்க்கவில்லை.

"பாவங்க," என்றாள் சிவலட்சுமி. "எந்த எடத்துல பொதைச்சாராம்?"

அந்த நேரம் யாழ்ப்பாண வானில் வந்த பெண் தன் பிள்ளையைத் தடாகத்தில் இருந்து இழுத்து எடுத்துக்கொண்டு கமலாட்சியிடம் வந்தாள்.

"என்னக்கா இது? காசு குடுத்து வந்தும் தோட்டக்காட்டுச் சனத்தோட ஒரே தண்ணியிலயோ குளிக்கிறது? கதைக்கிறதைக் கேட்டாலே தெரியுது."

கமலாட்சி எழுந்து வினோதனிடம் வந்தார். "இதுகளை அனுப்பு. வந்த வேலை முடிஞ்சுதுதானே. பார்சலை பஸ்ஸில குடு."

அனுப்புவது லேசாக இல்லை. வரிசையில் நின்ற பிள்ளைகள் அழுதன. அடுத்த வீட்டுச் செல்வராசா, சின்ன வயதில் வினோதனைத் தோளில் தூக்கித் திரிந்தவன், கோபத்தோடு முன்னால் வந்தான். "காலையில இருந்து வெயில்ல நிக்க வச்சிட்டு இப்ப வெளிய போங்கிறியா? ஏன்டா டேய், நீயும்..."

கமலாட்சி திரும்பிப் பார்த்தார். முகாமையாளரை 'டேய்' என்று கூப்பிடும் உரிமை இவனுக்கு எங்கிருந்து வந்தது? இன்னும் ஒரு சொல் விழுந்தால் சாவகச்சேரி போயிற்று, பிரேமிளாவும் போயிற்று. வினோதன் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஒராளுக்குக் காய்ச்சல் இருக்கு! எல்லாரும் உடன வெளியில போங்கோ!"

கொரோனா என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"யாருக்கு?" என்றான் செல்வராசா.

வேறு யாரைக் காட்டினாலும் சண்டைக்கு வருவார்கள். காட்டிக்கொடுக்காத ஆள் அங்கே ஒருத்திதான் இருந்தாள். வினோதன் கையை நீட்டி வாங்கில் இருந்த தாயைக் காட்டினான்.

சிவலட்சுமி அந்த விரலைப் பார்த்தாள். பிறகு மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அவ்வளவு நன்றாக இருமியதில் வினோதனே ஓர் எட்டுப் பின்னால் வைத்தான்.

அதற்குப் பிறகு ஒருவரையும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. காசு கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும் ஒன்றாக ஓடினார்கள். சின்னராசா பஸ் கதவை அவள் முகத்துக்கு நேரே சாத்தினான். உள்ளே இருந்தவை எல்லாம் அவள் ஊர் முகங்கள். காலையில் அவள்தான் வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தவள். ஒருவரும் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. அவள் பரந்தன் வீதியில் தனியே நடந்தாள்.

வாங்கைக் குளோரின் விட்டுக் கழுவச் சொன்னார் கமலாட்சி. வினோதன் கழுவினான். அதையும் அவர் வீடியோ எடுத்தார். மனுசி இருமியது, கேற்றால் வெளியே போனது எல்லாம் ஏற்கெனவே கைபேசியில் இருந்தன.

"சேர்த்துப் போடு. காய்ச்சலோட வந்தால் நாங்கள் உடன பிடிச்சு வெளியில விடுவம் எண்டு எழுது. கொரோனா எண்டு போடாதை, சுகாதாரக்காரன் வந்து நிப்பான். முகத்தை மறைக்காதை. முகம் தெரிஞ்சாத்தான் சனம் நம்பும்."

பின்னேரம் பம்பி அறைக்குள் இருந்தபோது தாய் தொலைபேசியில் அழைத்தாள். பரந்தன் வரை நடந்து, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். தான் செத்துப்போன கதையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தம்மா வீடியோ எடுத்தாங்களே. அதுல என் மூஞ்சி தெரியுதாப்பா? தெரிஞ்சா கச்சான் புடுங்குற கூலி வேலைக்குக்கூட யாரும் கூப்பிட மாட்டாங்க."

"தெரியலம்மா. அதை அழிச்சிட்டேன்."

"அப்ப சரி. நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்தான். பிறகு வீடியோவைப் பேஸ்புக்கில் போட்டான்.

வன்னியும் யாழ்ப்பாணமும் அதைப் பகிர்ந்து தள்ளின. பாதுகாப்பான இடமென்றால் இதுதான் என்று எழுதினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாகனம் நிறுத்த இடம் போதாமல் பக்கத்து வயலையும் திறந்துவிட வேண்டியதாயிற்று. வந்தவர்களில் பலர் டிக்கெட் எடுத்த கையோடு முதலில் விசாரித்தது சறுக்கை அல்ல, வீடியோவில் இருமிய மனுசி இருந்த வாங்கு எது என்றுதான்.

வினோதன் கையை நீட்டிக் காட்டினான்.