ஆர்டிஸ் வெட்டிய தாள்

கூடையிலிருந்து ஊரார் கொடுத்த துக்க அட்டை உறைகள் சரிந்துவிடாதபடி ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தந்தைக்கான காபிக் கோப்பையை ஏந்தியவாறு, சிக்னி தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் மேசைகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தாள். அவளுடைய தாய் ஆர்டிஸை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் அப்போதுதான் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியிருந்தனர். நவம்பர் பிறந்தும் மின்னசோட்டாவின் மண் இன்னும் பனியில் இறுகவில்லை என்பதே பெரும்பாலான மேசைகளில் பேச்சாக இருந்தது.

"குழி தோண்டறவனுக்குக்கூடத் தொந்தரவு குடுக்காம போயிட்டா பாரு," என்றாள் ஒருத்தி, பன்றியிறைச்சி வைத்த பன்னைக் கடித்தபடி. அந்த ஊரில் அது பெரிய புகழுரை.

பன்றிப் பண்ணை வைத்திருக்கும் மெர்ல் எழுந்து வந்து சிக்னியை மறித்தார். கோட்டின் உட்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

"ஒட்டலம்மா. அந்தப் பசைய நக்கினா எனக்கு வாய் எரியும்."

"பரவால்ல, மெர்ல். வந்ததே பெருசு."

"இன்னொண்ணும் சொல்லிடறேன். அட்டையில பொறந்தநாள்னு போட்டிருக்கும். அதை அடிச்சிட்டேன். வேற வழியில்ல. ஸ்டாண்டுல துக்கத்துக்கு இருந்ததெல்லாம் தீந்துபோச்சு."

அடுத்த மேசையிலிருந்த பெண் தலையை நிமிர்த்தினாள். "எந்த ஸ்டாண்டுல?"

"மேல, கோட்டு மாட்டற இடத்துக்குப் பக்கத்துல சுத்துமே, அதுலதான்."

"மெர்ல், அது ஆர்டிஸோட ஸ்டாண்டு."

"தெரியும். அதுக்கென்ன?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்தக் கம்பித் தாங்கியை ஆண்டுக்கணக்கில் நிரப்பி வந்தவள் ஆர்டிஸ். பிறந்தநாள், திருமணம், குழந்தைப் பேறு, நோய், சாவு ஆகிய அனைத்துக்கும் அவள் தன் கையால் செய்த அட்டைகள் அதில் இருக்கும். அருகில் ஒரு காபி டப்பா. விருப்பம்போல் காசு போடலாம். அட்டை வேண்டுமென்றால் அங்கே போவது ஊராருக்குக் கைப்பழக்கம். அந்தப் பழக்கத்தின்படியே இந்த வாரமும் போயிருக்கிறார்கள்.

"அடக் கடவுளே, நானும் அங்கதான் எடுத்தேன்."

"நானும்தான்."

"அப்போ அவ சாவுக்கு அவ செஞ்ச அட்டையவே கொண்டுவந்து குடுத்திருக்கமா, எல்லாரும்?"

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து, ஜெல்லியோடு சேர்த்து விழுங்கப்பட்டது. "டப்பாவுல காசு போட்டுட்டுத்தான் எடுத்தேன்," என்று மெர்ல் பொதுவாகச் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார். அந்த மேசையின் கோடியில் டொலோரிஸ் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமைதோறும் ஆர்டிஸின் வீட்டுக்கு வந்து, ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து அவளுடன் அட்டை செய்தவள். அவள் மட்டும் சிரிக்கவில்லை; வியப்படையவும் இல்லை. காபியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள். அதில் அவள் சர்க்கரை போட்டிருக்கவில்லை என்பதைச் சிக்னி கவனித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சிக்னி சமையலறை மேசையில் கூடையைக் கவிழ்த்தாள். மறுநாள் காலை அவள் சிகாகோவுக்கு விமானம் ஏற வேண்டும். அதற்குள் யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட எண்ணினாள். தந்தை லோவெல் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு எதிரே அமர்ந்தார்.

முதல் உறையைத் திறந்தாள். வெள்ளை அட்டையின் முகப்பில் பூவேலைத் தாளின் துண்டொன்று ஒட்டப்பட்டிருந்தது. கரும்பச்சைப் பரப்பில் வெளிர்மஞ்சள் பூக்கள் விட்ட கொடி. அதன் குறுக்கே மெல்லிய வெள்ளைப் பட்டை. பட்டையில் ரப்பர் முத்திரையால் பதித்த சொற்கள்: உங்கள் துயரில் உடனிருக்கிறோம். மையும் அதே கரும்பச்சை. பட்டை, நடுவிலிருந்து சற்றே கீழிறங்கி இருந்தது. நட்டநடுவில் வைத்தால் அட்டை அறிவிப்புப் பலகைபோல் ஆகிவிடும் என்பது ஆர்டிஸின் கொள்கை.

சிக்னி அதைக் கீழே வைக்கவில்லை. அந்தத் தாள் அவளுக்குத் தெரியும். மே மாதத்தில், அன்னையர் தினத்துக்காக, சிகாகோவில் ஒரு கடையில் வெகுநேரம் நின்று தேர்ந்தெடுத்து அனுப்பிய கட்டு அது.

இரண்டாவது உறையிலும் அதே தாள். மூன்றாவதிலும் அதே. பிறகு அவள் உள்ளே எழுதியிருந்ததைப் படிப்பதை விட்டுவிட்டு உறைகளை மளமளவென்று பிரிக்கத் தொடங்கினாள். மெர்லின் பிறந்தநாள் அட்டையும், கடையில் வாங்கிய சிலவும் நீங்கலாக, எல்லாவற்றிலும் அந்தக் கொடியே படர்ந்திருந்தது.

ஆகஸ்டில் தொலைபேசியில் கேட்டிருந்தாள்: அந்தத் தாளை என்ன செய்தாய், அம்மா? "பத்திரமா வெச்சிருக்கேன்," என்று ஆர்டிஸ் சொன்னாள். தாயாருக்கு அது பிடிக்கவில்லை என்று சிக்னி முடிவு செய்துகொண்டாள். அதே பேச்சில்தான், ஆகஸ்டு கடைசியில் வருவதாக இருந்ததை அலுவலக வேலையால் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது என்று சொன்னாள். "அதனால என்ன? கிறிஸ்துமஸுக்கு வா," என்றாள் ஆர்டிஸ். நோயைப் பற்றி வீட்டாருக்குச் செப்டம்பரில்தான் தெரிந்தது. அக்டோபரில் சிக்னி வந்து தங்கியபோது கைவேலை அறையின் கதவு சாத்தியே கிடந்தது. ஆர்டிஸால் கத்தரியைப் பிடிக்கக்கூட முடியவில்லை.

அப்படியானால் இந்தத் தாள் வெட்டப்பட்டது எப்போது? செப்டம்பருக்குப் பிறகா? அல்லது, கிறிஸ்துமஸுக்கு வா என்று சொன்ன அந்த நாளில் இவை ஏற்கெனவே வெட்டி ஒட்டி அடுக்கப்பட்டிருந்தனவா? இதை அறியாமல் மறுநாள் விமானத்தில் ஏறி உட்கார அவளால் முடியாது.

"அப்பா, அம்மா இதை எப்ப செஞ்சாங்க?"

"எனக்கென்னம்மா தெரியும்? அந்த ரூமுக்குள்ள நான் போனாலே ஜிகினாத்தூள் காலோட ஒட்டிக்கிட்டு வீடெல்லாம் வரும்னு விரட்டுவா."

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் அட்டையை எடுத்தார். புரட்டினார். பின்புறத்தின் கீழ் மூலையில் ஆர்டிஸின் அடையாளமான சின்னஞ்சிறு குருவி முத்திரை இருந்தது. விரல் நுனியால் முகப்பைத் தடவினார்.

"இது தனியா ஒட்டினதா? நான் எல்லாம் அச்சடிச்சதுன்னு நெனச்சேன்."

"இத்தன வருஷமாவா?"

"கேட்டதில்ல," என்றார் லோவெல். "கேட்டிருந்தா சொல்லியிருப்பா. ரொம்ப நேரம் சொல்லியிருப்பா. அதான் கேட்கல."

ஆனால் இப்போது அவர் அட்டையைக் கீழே வைக்கவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் தரைக்கு ஓடு பதித்தவர். மற்றோர் அட்டையை எடுத்தார். முதலாவதன் அருகே வைத்தார். எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்.

"இங்க பாரு. இந்தத் தண்டு இங்க அறுந்திருக்கு. இதுல இந்த ஓரத்துல தொடங்குது."

சிக்னி குனிந்து பார்த்தாள். வெட்டிய இடத்தில் அரை விரல் அகலம் இல்லாமற் போயிருந்தது. அட்டைகளின் வெள்ளை விளிம்பு இடையே ஓடியது. ஆனாலும் கொடி அந்த இடைவெளியைத் தாவி அடுத்த அட்டையில் ஏறிக்கொண்டது. ஒரு பூவின் பாதி தபால் அலுவலகக்காரி கொடுத்த அட்டையிலும், மறுபாதி பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் அட்டையிலும் இருந்தன.

இருவரும் அடுக்கத் தொடங்கினார்கள். சர்க்கரைக் கிண்ணமும் உப்புக் குப்பியும் தரைக்குப் போயின.

பின்கதவை முழங்கையால் தள்ளித் திறந்துகொண்டு டொலோரிஸ் வந்தாள். தேவாலயத்தில் மிஞ்சிய உருளைக்கிழங்கும் இறைச்சியும் கொண்ட கண்ணாடித் தட்டு அவள் கையில் சூடாக இருந்தது. அதை வைப்பதற்கு மேசையைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"அடுப்பு மேல வைங்க," என்றாள் சிக்னி. பிறகு, அவள் தட்டை வைத்துத் திரும்புமுன்பே கேட்டாள்: "இதை எப்ப வெட்டினாங்க, டொலோரிஸ்?"

"கோட்டக் கழட்டிக்கட்டுமா?"

"கழட்டிக்கிட்டே சொல்லுங்க."

டொலோரிஸ் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டு, அதன் தோள்களை நீவி ஒழுங்குபடுத்தினாள். "ஜூன்ல. ஜூலை நாலு, சுதந்திர தினத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டா."

"அப்பவே தெரியுமா, அம்மாவுக்கு?"

"டாக்டர்கிட்ட நான்தான் கார்ல கூட்டிட்டுப் போனேன். திரும்பி வர்ற வழியில வெள்ளை அட்டை ஒரு கட்டு வாங்கணும்னு சொன்னா. கடையில நிறுத்தினேன்."

லோவெல் தலை நிமிராமல், ஓர் அட்டையைச் சிறிது வலப்புறம் நகர்த்தினார். "ஜூன்ல நாங்க ஏரிக்கு மீன் பிடிக்கப் போனோம்."

"தெரியும், லோவெல்."

"பெரிய மீன் அவதான் பிடிச்சா." அடுத்த அட்டையை எடுத்தபடி, "அலட்டிக்கிட்டா வேற," என்றார்.

சிக்னியின் குரல் உயர்ந்தது. "நான் ஆகஸ்டுல வர்றதா இருந்தேன். வரலன்னு சொன்னதும் ஒரு வார்த்தை சொல்லல. கிறிஸ்துமஸுக்கு வான்னாங்க. இருக்க மாட்டோம்னு தெரிஞ்சே சொன்னாங்களா?"

"ஆமா."

"ஏன்?"

"நீ வந்தா இதையெல்லாம் எடுத்து ஒளிச்சு வெக்கணும்னு சொன்னா. இந்தத் தாள நீ பாத்துட்டா, எதுக்குன்னு கேப்பியாம்."

"கேட்டிருப்பேன்தான்!"

"அதான். உனக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கும், அது தனக்கு வராதுன்னு சொன்னா. போன்லன்னா சமாளிச்சிருவாளாம்."

சிக்னி மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். பிறகு, "என்கிட்ட மறைச்சாங்க. சரி. ஆனா நான் குடுத்த தாள்லயா இதைச் செய்யணும்? வேற தாளா இல்ல அந்த ரூம்ல?" என்றாள்.

"நானும் அதைத்தான் கேட்டேன்," என்றாள் டொலோரிஸ். "அலமாரி நெறைய இருக்கேடி, சாம்பல் கலர்ல பூப்போட்டது இருக்கு, அதுதான துக்கத்துக்கு எடுப்பா இருக்கும்னேன். அவ தாள் வெட்டற பலகையில இதை நேரா வெச்சுக்கிட்டே, 'ஸ்டாண்டுல வெச்சா யாரு எடுப்பாங்க?'ன்னா. ஊருல எல்லாரும்தான்னேன். 'எடுத்து யாருக்குக் குடுப்பாங்க?'ன்னா. உனக்கும் லோவெலுக்கும்தான்னேன். வெட்டத் தொடங்கிட்டா."

அடுப்பின் மேலிருந்த தட்டு ஆறும்போது மெல்லிய ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. சிக்னி தன் கையிலிருந்த அட்டையை முதன்முறையாகத் திறந்து உள்ளே பார்த்தாள். தபால் அலுவலகக்காரியின் குண்டுக் கையெழுத்தில், ஆர்டிஸ் தன் தோட்டத்துச் செடிகளைப் பற்றித் தவறாமல் பொய் சொல்வாள் என்று எழுதியிருந்தது. அவள் அதை மூடி, அதற்குரிய இடத்தில் வைத்தாள்.

"நீங்க அட்டை குடுக்கலையே, டொலோரிஸ்," என்றாள்.

டொலோரிஸ் கைப்பையைத் திறந்தாள். உறையில்லாத ஓர் அட்டையை வெளியே எடுத்தாள். அதன் மூலைகள் சற்றே மழுங்கியிருந்தன. "எனக்குன்னு ஒண்ணு அப்பவே கேட்டு வாங்கி வெச்சிட்டேன். தினமும் எடுத்து வெச்சுக்கிட்டு உக்காருவேன். எழுதறதுக்கு ஒண்ணும் வரல."

"எழுதாம குடுங்க."

"அது முறையில்லையேம்மா."

"குடுங்க."

லோவெல் அதைச் சிக்னியின் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, மேசையின் இடது கோடியில் பொருத்தினார். கொடி அங்கே வளைந்து மேலே ஏறியது. மேசை ஏறத்தாழ முழுவதும் பச்சையாகிவிட்டது. அவருடைய முழங்கைக்கு அருகில் மட்டும், ஓர் அட்டை கொள்ளும் அளவுக்கு, பழைய மரம் தெரிந்தது.

"இங்க ஒண்ணு குறையுது," என்றார்.

"யாராவது தபால்ல போட்டிருப்பாங்க," என்றாள் டொலோரிஸ். "பக்கத்து ஊருக்காரங்க எப்பவும் நேரம் கழிச்சுத்தான் போடுவாங்க. அவங்களுக்கு எதுலயும் அவசரம் கிடையாது."

சிக்னி அந்த வெற்றிடத்தைச் சுற்றியிருந்த தண்டுகளை விரலால் பின்தொடர்ந்தாள். எங்கே நுழைந்து எங்கே வெளியேற வேண்டும் என்பது தெளிவாகவே இருந்தது.

"இங்க தபால் எத்தன மணிக்குப்பா வரும்?"

"மத்தியானம் ஆயிடும்."

அவள் தலையசைத்தாள். அவளுடைய விமானம் காலையில் புறப்படுவது என்பதை அங்கிருந்த மூவரும் அறிவர். டொலோரிஸ் அலமாரியைத் திறந்து தட்டுகளை எடுத்தாள். உருளைக்கிழங்கைக் கரண்டியால் தோண்டி, லோவெலுக்கு ஓரத்துக் கருகல் பகுதியைத் தேடிப் போட்டாள். அவருக்கு அதுதான் பிடிக்கும்.

மேசையில் இடமில்லை. மூவரும் நாற்காலிகளைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, தட்டுகளை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.