வரி நூற்று நாற்பது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறையிலிருந்து வந்தது. அங்கே கம்பி பற்றவைக்கும் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் "சே!" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: நாற்பது ஆண்டுகளாகப் பரணில் கிடந்த கம்ப்யூட்டரை அக்கா இறக்கிய அன்று வானம்

(வானத்தை விடுங்கள். அன்றைக்கு யார் அண்ணாந்து பார்த்தார்கள்?)

இரண்டாவது தொடக்கம்: அக்கா காதுக் கருவிகளைப் பழுதுபார்ப்பவள். தம்பி பஸ் ஓட்டுகிறவன்.*

அக்காவுக்குப் பதினாலு, தம்பிக்குப் பத்து வயதாக இருந்தபோது அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. அம்மா டெலிபோன் ஆபரேட்டர். நீலக் கோட்டு அவளுடைய சீருடை. அம்மாவைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அது திரையில் வர நோட்டில் புரோகிராம் எழுதினாள் அக்கா. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண், ஒவ்வொரு கலருக்கும் ஓர் எண். கோட்டுக்கு 1, அதாவது நீலம். முகத்துக்கு 6, மஞ்சள். தம்பி அதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்து, அந்தக் கால வழக்கப்படி பாட்டுக் கேசட்டில் பதிந்தான்.

வீட்டில் இருந்ததோ கறுப்பு வெள்ளை டிவி.

"கோட்டு என்ன கலர்டி?" என்று அம்மா கேட்டாள்.

"நீலம்தான்மா. கலர் டிவி வாங்கும்போது பாரு."

கலர் டிவி வருவதற்குள் கம்ப்யூட்டர் பரணுக்குப் போய்விட்டது. இன்று நாலு மணிக்கு அம்மா வருகிறாள், எண்பத்திரண்டு வயதில், தன் படத்தை வண்ணத்தில் பார்க்க.

* நான் பஸ் ஓட்டியதே இல்லை. ஆகவே அந்தத் தம்பி நான் இல்லை.

3

அக்காவுக்குக் கிடைத்த பழைய கலர் மானிட்டர் வேறு கம்பெனியுடையது. கம்ப்யூட்டரின் பிளக்குக்கும் அதன் ஓட்டைக்கும் ஜென்மப் பகை. எந்தக் கம்பி எதற்கு என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, தானே ஒரு கேபிள் செய்தாள். பழைய கேசட்டைப் போட்டால், முதல் நாள் படம் நிற்காமல் மேலே ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பிடித்து நிறுத்திவிட்டாள், கெட்டிக்காரி.

இரண்டாம் நாள் கோட்டு நீலமாக வந்தது. முகம்தான் பாசி பிடித்த சுவர்போல் பச்சையும் நீலமுமாக இருந்தது. "சிவப்புக் கம்பியும் நீலக் கம்பியும் மாறிப்போச்சு" என்று மாற்றிப் பற்றவைத்தாள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து முகம் அழகான மஞ்சளாயிற்று. கோட்டு சிவப்பாகிவிட்டது.

மறுபடி மாற்றினாள். மறுபடி பாசி.

"ஒண்ணு சரியானா இன்னொண்ணு கோணிக்குதுடா. நோட்டுல கோட்டுக்கு ஒண்ணுன்னுதான் இருக்கு. நீ அடிச்சப்போ சரிபார்த்தே இல்ல?"

"பார்த்தேன்க்கா."

தம்பி பார்த்தேன் என்றால் அக்காவுக்கு அவன் பார்த்தான்தான். புரோகிராமைத் திரையில் வரவழைத்துப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அப்போ கோளாறு என் கையிலதான். போன மாசம் ஒரு காதுக் கருவியைத் தீய்ச்சுட்டேன், தெரியுமா? கை நடுங்குதுடா. இதோட தொழிலை விட்டுடலாம்னு இருக்கேன்."

தம்பி திருதிருவென்று முழித்தான். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, கேசட் உறையைத் துடைக்க ஆரம்பித்தான்.

 "பார்த்தேன்" என்ற இந்தப் பொய்க்கு நாற்பது வயது. இப்போது இரண்டாவது தடவை.

4

இந்தத் தம்பியை எனக்கே பிடிக்கவில்லை. பத்து வயதில் அவன் செய்தது புரிகிறது. கோட்டுக்கு 1 அடிக்கும்போது, பக்கத்தில் சிவப்புக்கான 2 இருந்தது, விரல் தவறியது. கேசட்டில் பதிந்து முடித்த பிறகுதான் கவனித்தான். திரும்பப் பதிய ஐந்து நிமிடமாகும். வாசலில் பந்தோடு கூட்டாளிகள் கத்திக்கொண்டிருந்தார்கள். கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று, அக்காவிடம் "சரிபார்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். சரி, குழந்தை.

ஆனால் ஐம்பது வயதில், அக்கா தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது, இவனுக்கு என்ன வெட்கம்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

5

முடிவுகள்.

முதலாவது: அம்மா வந்து பார்த்துவிட்டு, "சிவப்புக் கோட்டும் எடுப்பாத்தான் இருக்கு" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். தம்பி தப்பித்துக்கொள்கிறான். அக்கா கடையை மூடுகிறாள். வேண்டாம்.

இரண்டாவது: அக்கா முகம் கழுவப் போன நேரத்தில் தம்பி நைசாக அந்த 2ஐ 1 ஆக்கிவிடுகிறான். கம்பியை மறுபடி மாற்றியதும் எல்லாம் சரியாக வர, தன் கைதான் ஜெயித்தது என்று அவள் பூரித்துப்போகிறாள். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

மூன்றாவதை எழுதவேண்டியது நான் இல்லை. நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் ஒருத்திதான். ஒற்றுப்பிழைகளை எல்லாம் சுழித்துவிட்டுத்தான் கதையைப் பற்றியே பேசுவாள். மணி மூன்றேகால். இந்தத் தாள்களை அவள் மேஜையில், சால்டரிங் அயர்னுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன்.

அக்கா, பஸ்ஸெல்லாம் பொய். உன் கையில ஒரு கோளாறும் இல்லை. வரி நூத்தி நாப்பதைப் பாரு. ரெண்டுன்னு இருக்கும், நான் அடிச்சது. மஞ்சள் முகம் வர்ற மாதிரி கம்பியை வெச்சுட்டு, அந்த ரெண்டை ஒண்ணாக்கு. ஆக்கறதும் விடறதும் உன் இஷ்டம். நான் சமையலறையில டீ போட்டுக்கிட்டிருக்கேன். அம்மா வர்றதுக்குள்ள வந்து திட்டித் தீர்த்துடு.

சால்டரிங் அயர்னை மட்டும் வெச்சுட்டு வா.